சொந்தக் கையெழுத்தில் விண்ணப்பிக்கவும்

கம்ப்யூட்டர் வந்த பிறகு கூட்டெழுத்து எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போன மாதம் அக்கா மகள் கேட்டுவிட்டாள். அவளுடைய பையன் நாலு கோடு நோட்டில் இங்கிலீஷ் எழுத்துகளைச் சங்கிலியாகக் கோத்து எழுத முடியாமல் அழுகிறானாம். "இதைக் கத்துக்கிட்டு அவன் என்ன பண்ணப்போறான் சித்தி? எல்லாரும்தான் டைப் அடிக்கிறோமே" என்றாள். "வாயை மூடிக்கிட்டு அவனை எழுத வை" என்று போனை வைத்துவிட்டேன். வைத்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அந்த எழுத்து எனக்கு என்ன செய்தது என்று உள்ளபடி சொன்னால் அவள் கட்சிதான் ஜெயிக்கும். அதனால் அவளிடம் சொல்லப்போவதில்லை. உங்களிடம் சொல்கிறேன், உங்களோடு இருக்கட்டும்.

நான் பிறந்து வளர்ந்தது ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர்களின் குவார்ட்டர்ஸில். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர். எங்கள் வரிசையில் எட்டு வீட்டில் எட்டு ஊர்த் தமிழ் பேசினார்கள். பிள்ளைகள் நாங்கள் எல்லாவற்றையும் கலந்து ஒன்பதாவதாக ஒன்றைப் பேசினோம். எண்பதுகளில் எங்கள் பள்ளியில் ஒரு மிஸ் இருந்தார். கணக்கு தப்பானால் அவருக்குப் பரவாயில்லை. சரித்திரத்தில் எந்த ராஜா யாரைக் கொன்றாலும் பரவாயில்லை. கூட்டெழுத்தில் எஃப் எழுதினால் மேல் வயிறும் கீழ் வயிறும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மர ஸ்கேலின் விளிம்பு விரல் முட்டியில் இறங்கும். பால்பாயிண்ட் பேனா என்றால் அவருக்குப் பீடி சிகரெட் மாதிரி, பையில் இருந்தாலே குற்றம்.

அடிக்குப் பயந்து எழுதினேனா, ஆசைப்பட்டு எழுதினேனா, தெரியாது. ஒன்பதாம் வகுப்புக்கு வரும்போது என் கையெழுத்து முத்து முத்தாக ஆகிவிட்டது. மிஸ் என் நோட்டைப் பக்கத்து வகுப்புகளுக்கெல்லாம் எடுத்துப் போய்க் காட்டினார். எனக்குத் தலைக்கனம் ஏறியது. ஏறினால் என்ன? பாட்டு வராது, கோலம் கோணும், ஓட்டப் பந்தயத்தில் கடைசி. பெருமைப்பட எனக்கு வேறு என்ன இருந்தது? அம்மா மட்டும் "கையெழுத்து நல்லா இருந்தா தலையெழுத்து நல்லா இருக்காதுன்னு சொல்லுவாவட்டி" என்று அவ்வப்போது பயமுறுத்துவாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். டைப்ரைட்டிங்கும் ஹையர் வரை பாஸ் செய்திருந்தேன். அந்த மார்ச்சில் அப்பா ரிடையர் ஆகிறார். ஜூன் முடிவதற்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து அப்பா தீர்ப்புச் சொன்னார்.

"ஏட்டி, ஒனக்கு இங்க ஒரு வேல கெடச்சிட்டுன்னா, திருநின்றவூர்ல வாடகைக்கு ஒரு வீட்டப் பாத்துட்டு இருப்போம். கெடைக்கலன்னா மூட்டையக் கட்டிட்டு ஊருக்குப் போவோம். அங்க வீடு சும்மா பூட்டித்தான கெடக்கு."

அக்காவைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மிச்சம் நான்தான். அந்த ஊருக்கு நான் வருஷத்துக்கு ஒருமுறை கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போவேன். மூன்றாம் நாளே எப்போது கிளம்புவோம் என்று நச்சரிக்க ஆரம்பித்துவிடுவேன். வாயைத் திறந்தால் "மெட்ராஸ்காரி பேசுதா பாரு" என்று கூட்டம் கூடிச் சிரிப்பார்கள். அங்கே போய் வாழ்வதாவது! எனக்கு ஆவடி மார்க்கெட் வேண்டும், மின்சார ரயில் வேண்டும். அம்மாவுக்கும் போக மனசில்லை. "தண்ணி லாரிச் சண்டகூட எனக்குப் பழகிட்டுட்டி" என்று அடுப்படியில் வைத்து ரகசியமாகச் சொன்னாள். ஆக, ஜூனுக்குள் எனக்கு ஒரு வேலை கிடைத்தாக வேண்டும்.

அதற்காகவே அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். மருந்துக் கடைக்கு மேல் மாடி. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதாம். ஏ.சி. அறை, கண்ணாடிக் கதவு, மானிட்டரின் நெற்றியில் சந்தனம் குங்குமம். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். என் கூட்டாளியாக வாய்த்தவள் அம்பத்தூர்க்காரி. அவளுடைய தாத்தா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில்தான் இப்போது தொழிற்பேட்டை நிற்கிறது. அவள் அப்பா அங்கேயே ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டினார். முதல் நாளே என் காதருகில் குனிந்து, "இன்னாடி, செருப்ப வெளிய உட்டுட்டு வந்துகீறோம், முடிஞ்சப்பறம் உண்டகட்டி எதுனா குடுப்பாங்களா?" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் மாஸ்டர் முறைத்தார்.

அவள் கையெழுத்து இருக்கிறதே, கண்கொண்டு பார்க்க முடியாது. ஒரு வரி மலை ஏறும், அடுத்த வரி பள்ளத்தில் விழும். பேனா தாளில் பட்டதோ இல்லையோ என்கிற மாதிரி பாதி எழுத்துகள் வரவே வராது. நான் திட்டினால், "எழுத்து இன்னா, பொண்ணு பாக்கவா போவுது? உடுடி" என்பாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும். அவள் எழுத்தைத்தான் பிடிக்காது.

ஏப்ரலில் மாஸ்டர் ஒரு பேப்பர் துண்டை வெட்டிச் சுவரில் ஒட்டினார். தொழிற்பேட்டையில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் விவரம் ஏற்ற ஒரே ஒரு ஆள் தேவை. கடைசி வரி: சொந்தக் கையெழுத்தில் விண்ணப்பிக்கவும். அந்தக் காலத்து விளம்பரங்களில் பாதியில் இந்த வரி இருக்கும். கம்ப்யூட்டர் தட்டுகிற வேலைக்குக் கையெழுத்து எதற்கு என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. நான் ஏன் கேட்கப் போகிறேன்? மிஸ் என்னை அடித்த அடியெல்லாம் இந்த ஒரு நாளுக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

சென்டரிலேயே உட்கார்ந்து வெள்ளைத்தாளில் எழுதினேன். "ரெஸ்பெக்டட் சார்" என்று ஆரம்பித்து, தங்கள் கம்பெனியில் ஒரு இடம் காலியாக இருப்பதாக நம்பத்தகுந்த வட்டாரங்களிலிருந்து அறிந்தேன் என்று இங்கிலீஷில் போட்டேன். நம்பத்தகுந்த வட்டாரம் என்பது எங்கள் சுவர்தான். ஆனாலும் அப்படித்தான் எழுத வேண்டும், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள். எழுதி முடித்துத் தாளை ஊதிக் காயவைக்கும்போது அம்பத்தூர்க்காரி எட்டிப் பார்த்தாள்.

"ஸோக்கா கீதுடி! எனக்கும் ஒண்ணு எழுதிக் குடேன்."

"சொந்தக் கையெழுத்துன்னு போட்டிருக்கான்டீ."

"நீ எனக்குச் சொந்தம் இல்லியா?"

புத்தியுள்ளவள் என்ன செய்வாள்? இருப்பது ஒரே ஒரு வேலை, போய் உன் கையால் எழுதிக்கொள் என்று விரட்டுவாள். எனக்கோ, என் எழுத்தை ஒருவர் பாராட்டிவிட்டால் வீட்டையே எழுதிக் கொடுத்துவிடுகிற சுபாவம். அவளுக்கு எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு எங்கள் பேட்ச் பையன்கள் மூன்று பேரும் "சிஸ்டர், சிஸ்டர்" என்று வந்து நின்றார்கள். ஒருவன் சமோசா வாங்கி வந்தான். மூன்று பேருக்கும் எழுதினேன். பெயரும் விலாசமும்தான் வேறே தவிர ஐந்து விண்ணப்பத்திலும் அதே வாசகம், அதே வளைவு, அதே நம்பத்தகுந்த வட்டாரம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோய் ஒரே தபால்பெட்டியில் போட்டோம். அவரவர் கையால் கிறுக்கியிருந்தால் என்னுடையது மட்டும் தனியாகத் தெரிந்திருக்குமே என்பது, கவர் உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

பத்து நாளில் ஐந்து பேருக்கும் இண்டர்வியூ கடிதம் வந்தது. அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாள். அப்பா திருநின்றவூர் ஏரிப் பக்கம் போய் இரண்டு வீடு பார்த்துவிட்டு வந்ததாக அம்மா சொன்னாள்.

இருப்பதில் நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு, பட்டரவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி, தூசியில் நடந்து கம்பெனிக்குப் போனேன். ஒவ்வொருவராகக் கூப்பிடுவார்கள் என்று பார்த்தால் ஐந்து பேரையும் மொத்தமாக உள்ளே கூப்பிட்டார்கள். மேனேஜர் கண்ணாடி போட்ட மனிதர், வாயில் ஒரு கிராம்பு. மேஜைமேல் எங்கள் ஐந்து விண்ணப்பங்களையும் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து வைத்திருந்தார்.

"அஞ்சு லெட்டர் வந்திருக்கு. அஞ்சும் ஒரே கை. என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்ல. அதான் ஆளுங்களை நேர்ல பார்த்துடலாம்னு கூப்பிட்டேன். யார் எழுதினது?"

முதல் பையன் துணிந்து, "என்னோடது நான் எழுதினதுதான் சார்" என்றான். இரண்டாமவனும் அதையே சொன்னான். மூன்றாமவன் சொல்லும்போது குரல் உடைந்தது. அம்பத்தூர்க்காரி மட்டும் காரணத்தோடு பொய் சொன்னாள்: "எங்க அஞ்சு பேருக்கும் ஒரே மாஸ்டர் சார். அதான் எழுத்தும் ஒண்ணா வந்துகீது."

மேனேஜர் ஆளுக்கொரு தாளைக் கொடுத்தார். "அப்படியா? இந்த லெட்டர்ல முதல் ரெண்டு வரியை மட்டும் எழுதுங்க."

நான் அவசரமாகக் கணக்குப் போட்டேன். நான் மட்டும் நன்றாக எழுதினால் மற்ற நாலு பேரும் பொய்யர்கள், நான் ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்த ஃபோர்ஜரிக்காரி. நானும் கேவலமாக எழுதிவிட்டால், வெளியாள் எவரோ எழுதிக்கொடுத்தது என்று ஐந்து பேரும் சமமாகிவிடுவோம். அப்புறம் டைப்பிங்கில் நான் ஜெயித்துக்கொள்ளலாம். ஆகவே கேவலமாக எழுதத் தீர்மானித்தேன்.

கை கேட்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், கேட்கவில்லை. முதலில் வந்த ஆர் எழுத்தை வேண்டுமென்றே கோணலாக இழுத்தேன். இரண்டாவது எழுத்தில் கை தானாக நிமிர்ந்தது. மூன்றாவதில் வளைவு வந்து உட்கார்ந்துகொண்டது. எஃப் வந்த இடத்தில், வேண்டாம் வேண்டாம் என்று மனசு கத்தக் கத்த, மேல் வயிறும் கீழ் வயிறும் அளந்து வைத்த மாதிரி சமமாக விழுந்தன. மர ஸ்கேல் எங்கேயோ என் முட்டிக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது போல! இரண்டு வரி முடியும்போது அது மிஸ்ஸிடம் காட்டிக் கையெழுத்து வாங்குகிற தரத்தில் இருந்தது. மேனேஜர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"மாட்டிக்கினோம்" என்று பக்கத்தில் முனகினாள் அம்பத்தூர்க்காரி.

மேனேஜர் திட்டவில்லை. கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிவிட்டு, "ரொம்ப அழகா இருக்கும்மா" என்றார். எனக்கு உயிர் வந்தது. அடுத்து, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வைத்தார். அது நிறைய எண்ணெய்க் கறை படிந்த அட்டைகள். ஒவ்வொரு ஷிஃப்டிலும் எந்த மிஷினில் எத்தனை உருப்படி வந்தது, எத்தனை கெட்டது, ஏன் கெட்டது என்று ஃபோர்மேன்கள் எழுதி அனுப்புகிற ஜாப் கார்டுகள். "வேலை இதைக் கம்ப்யூட்டர்ல ஏத்துறதுதான். கையெழுத்து பார்த்தது போதும். இப்ப இதைப் படிங்க."

எனக்கு வந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எது தலை எது கால் என்றே தெரியவில்லை. கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது. தமிழா இங்கிலீஷா என்றுகூடப் பிடிபடவில்லை. கெட்ட கையெழுத்தை ஜென்மத்தில் மதித்துப் பார்த்தவளில்லை நான்; அது எனக்கு எப்படித் தெரியும்? பையன்கள் குத்துமதிப்பாக என்னவோ உளறினார்கள். அம்பத்தூர்க்காரி அட்டையை வாங்கினாள், ஒரு மூச்சில் ஒப்பித்தாள்.

"செகண்ட் ஷிஃப்டு, ஆறாம் நம்பர் பிரஸ்ஸு. நானூத்திப் பத்து வந்துகீது, பன்னெண்டு ரிஜெக்டு. கரண்ட் கட்டாயி டை அச்சு சூடு எறங்கிப்போச்சு, அதான் ரிஜெக்டு. அப்பால ஒன்ர மணி நேரம் மிஷின் சும்மா கெடந்துகீது."

மேனேஜர் கிராம்பை மெல்வதை நிறுத்திவிட்டார். இன்னொன்று கொடுத்தார். அதையும் படித்தாள். எண்ணெய் கொட்டிப் பாதி அழிந்த ஒன்றைக் கொடுத்தார். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்து அதையும் படித்தாள். "எப்படிம்மா?" என்று அவர் கேட்டதற்கு, "எங்க நைனாவும் இத்தே மாதிரிதான் சார் எழுதும். ஊட்ல எல்லாருக்கும் இதான் எழுத்து" என்றாள் வெகு சாதாரணமாக.

அடுத்தது டைப்பிங். நான் பத்து விரலிலும் பறந்தேன். அவள் ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தும் கீபோர்டில் எங்கே இருக்கிறது என்று சாமியை வேண்டித் தேடித் தேடி அடித்தாள். மேனேஜர் கொஞ்ச நேரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே போஸ்ட்தான் இருக்கு" என்று எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னார். "அடிக்கிறது போகப்போகப் பழகிடும். இந்த அட்டையைப் படிக்கிறது பழகாது. எனக்கே இன்னும் பழகலை." வேலை அவளுக்குப் போயிற்று.

பட்டரவாக்கம் பிளாட்பாரத்தில் அவளோடு நான் போட்ட சண்டையை அன்றைக்கு ரயிலுக்கு நின்ற அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள். "நான் எழுதிக்கொடுக்கலன்னா உன்னை வாசப்படி மிதிக்க விட்டிருப்பானா?" என்று கத்தினேன். "எழுதச் சொல்லி ஒன்னிய கட்டாயமாடி பண்ணேன்? பீத்திக்கினு நீதானே எழுதின!" என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். அது உண்மை. உண்மை என்பதாலேயே எனக்கு இன்னும் எரிந்தது. இனிமேல் என் முகத்தில் முழிக்காதே என்று சொல்லிவிட்டு மகளிர் பெட்டியில் ஏறி ஆவடி வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். பொறாமைதான், வேறென்ன? அவளுக்குக் கிடைத்ததில் வருத்தமில்லை என்று நான் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

மறுநாளே அப்பா தெரிந்தவரிடம் சொல்லி மரப்பெட்டிகள் கொண்டுவந்தார், கயிறு வாங்கி வந்தார். ஊரில் இருந்த சித்தப்பாவுக்கு, வீட்டைத் திறந்து வெள்ளையடித்து வைக்கும்படி கடிதம் போனது. அதையும் என்னைத்தான் எழுதச் சொன்னார், "ஒன் எழுத்துதான் தெளிவா இருக்கும்" என்று. பித்தளைப் பாத்திரங்களை அம்மா துணியில் சுற்றிச் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். இடையிடையே மூக்கை உறிஞ்சினாள். நான் கயிறு பிடித்தேன்.

ஒன்றரை மாதம் போயிற்று. ஜூன் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் அம்பத்தூர்க்காரி வந்து நின்றாள். "இன்னா, பெட்டியெல்லாம் கட்டிக்கினு கீறீங்க?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்து, அழைக்காமலேயே ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் அதைக் கண்டுகொள்ளவேயில்லை.

"அந்த அட்ட இடுப்பு உசரத்துக்குச் சேந்துபோச்சுடி. நான் ஒரு வெரல்ல தட்டிகினு கீறேன், அது பாட்டுக்கு வந்துகினே கீது. பேஜாராப் பூட்ச்சு. மேனேஜராண்ட சொல்லிட்டேன், படிக்க நான் கீறேன் சார், அடிக்க ஒரு ஆளு வேணும், ஆளும் என்னாண்ட கீதுன்னு. ஆபீஸ்ல ஓகே பண்ட்டாங்க. நேத்துதான் கடசி நாளு, அப்ளிகேஷன் குடுக்கணும்னாங்க. நீதான் என் மூஞ்சியப் பாக்க மாட்டேன்னு சொல்லிக்கீறியே. அதான் ஒம் பேர்ல நானே எழுதிக் குடுத்துட்டேன்."

"நீ எழுதினியா?"

"ஃபைல்ல கெடந்த ஒன் லெட்டர எடுத்து வெச்சிக்கினு அப்டியே பாத்து எழுதினேன்டி. நாலு தாளு வேஸ்ட்டாயிப் போச்சு. நாளிக்கி ஒம்போது மணிக்கு வரச் சொன்னாரு. வா."

அப்பா அறைக்கு உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா பாத்திரப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு அவளுக்குக் காப்பி போட எழுந்தாள். எனக்கு அவள் காலில் விழுவதா, கழுத்தைக் கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. சண்டை போட்டுவிட்டு உடனே இறங்கிவரவும் வெட்கம். "காப்பிக்குச் சீனி போதுமா?" என்று மட்டும் கேட்டேன். அவளோ, "முறுக்கு எதுனா கீதா?" என்றாள்.

மறுநாள் ஒன்பது மணிக்கு மேனேஜர் முன்னால் நின்றேன். அவர் என்னை நன்றாக அடையாளம் கண்டுகொண்டார் என்பது கண்ணாடிக்குள்ளேயே தெரிந்தது. ஒரு ஃபைலைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு வரி மலை ஏறியது, ஒரு வரி பள்ளத்தில் விழுந்தது. எஃப்புக்கு வயிறே இல்லை. என் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்க எனக்கு அரை நிமிஷம் ஆயிற்று. நான்கு இடத்தில் அடித்துத் திருத்தி, நான்கு தாளை வீணாக்கி, உட்கார்ந்து உட்கார்ந்து எனக்காக ஒருத்தி எழுதியது.

"ஹெட் ஆபீஸுக்கு ஃபைல் போகணும். சொந்தக் கையெழுத்தான்னு கேட்பாங்க" என்றார் மேனேஜர், கிராம்பை மென்றுகொண்டே. "இது உன் கையெழுத்துதானேம்மா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அட்டைக் குவியலுக்கு நடுவிலிருந்து அவள் தலை நீண்டது. நான் தாளை இன்னொருமுறை பார்த்தேன்.

"ஆமா சார்" என்றேன். "என் கையெழுத்துதான்."